தோள் உட்கார வேண்டும்

அக்கா மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் உடுப்பு எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பட்டுக்கரை வேட்டி, சட்டைத் துணி, துண்டு. மூன்றையும் தாம்பாளத்தில் அடுக்கி, மேலே வெற்றிலை பாக்கு பழம் வைத்துச் சபையில் நீட்ட வேண்டும். என் மாமா எனக்கு அப்படித்தான் நீட்டினார். அதில் யோசிக்க அதிகம் கிடையாது. வெள்ளை என்றால் வெள்ளை. கரை எத்தனை விரல் அகலம் என்பதில் மட்டும் பெண்கள் கொஞ்சம் விவாதிப்பார்கள். சங்கரன்கோவில் ரதவீதியில் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை.

போன வைகாசியில் அக்கா போன் செய்தாள். “வேட்டி இருக்கட்டும்ல. சாயந்தரம் ரிசப்சனுக்குக் கோட்டு சூட்டு வேணுங்கான். நீதானல மாமன், நீதான் எடுத்துக் குடுக்கணும்.”

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கோட்டு போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் இரவல். கல்லூரியில் சேரப் படம் எடுக்கப்போன ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். கூடவே முடிச்சுப் போட்டபடியே இருக்கும் சிவப்பு டை, பின்னால் எலாஸ்டிக். யார் வந்தாலும் அதே கோட்டுதான். ஆள் ஒல்லி என்றால் முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி இழுத்துவிடுவார் போட்டோக்காரர். குண்டு என்றால் பட்டன் போட வேண்டாம், கையைக் கட்டிக்கொள் என்பார். எனக்கு முன்னால் போட்டவனின் வேர்வையும் பவுடரும் காலரில் மணத்தன. மேலே கோட்டும் டையும். கீழே நான் கட்டிப் போயிருந்த கைலி. கீழ்ப்பாதி படத்தில் விழாது. பிறகு கவனித்தேன், எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சுவர்களில் அந்தக் கோட்டே தொங்கியது. முகம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

*

பாதிக்குப் பாதி உடுத்துவதைப் பார்த்துச் சிரிக்க எங்கள் ஊர்க்காரனுக்கு உரிமை இல்லை. ஊர்ப் பெயருக்குக் காரணமான சாமியே அப்படித்தான் நிற்கிறார். சங்கரநாராயணர், வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஒரு பக்கம் சடை, மறு பக்கம் மகுடம். ஒரு பக்கம் புலித்தோல், மறு பக்கம் பட்டு. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் உன் சாமி பெரிதா என் சாமி பெரிதா என்று சண்டை. வழக்கு கோமதியம்மனிடம் போனது. அவள் தவம் இருந்து, இருவரும் ஒருவரே என்ற காட்சியை வாங்கிக் காட்டினாள் என்பது தலபுராணம். ஆடித் தவசுக்குச் சுற்றுவட்டாரக் கரிசல் சம்சாரிகள் எல்லாம் வருவார்கள். தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் தானியத்தையும் சப்பரத்தை நோக்கி எறிவார்கள்.

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். புலித்தோல் முடிந்து பட்டு தொடங்குகிற இடத்தில் தையல் தெரியுமா? ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “சாமி நிமிந்துல்லா நிக்காரு. நிமிந்து நின்னா தையலு தெரியாது” என்றாள். 

அந்தப் பதிலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

கோட்டு நமக்கு நேற்று வந்ததில்லை. ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யின் இளவயதுப் படத்தில் வக்கீல் கோட்டும் தலைப்பாகையும் இருக்கின்றன. எட்டயபுரத்துப் பாரதிக்குக் கோட்டும் முண்டாசும் இல்லாமல் முகமே கிடையாது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் எந்தப் பொடியனுக்கும் ஒரு கறுப்புக் கோட்டு மாட்டி, மீசை வரைந்துவிட்டால் போதும், கூட்டம் ‘பாரதியார்’ என்று சொல்லிவிடும். கோட்டு வெள்ளைக்காரன் உடுப்பு என்று அந்தப் பையனைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போன பெரிய கங்காணிகள் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டிப் படத்துக்கு நின்றார்கள். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு கோயிலுக்குள் நடந்துவருவது தலைமுறைகளாக உள்ள வழக்கம். கோட்டுக் காலரில் ஒரு பூ, பக்கத்தில் வெள்ளைச் சேலையில் பெண்.

வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டவர்கள் இரண்டையும் உடுத்தியது ஒரே நேரத்தில் ஒரே உடம்பில். கோட்டு உத்தியோகத்தைச் சொன்னது, வேட்டி வீட்டைச் சொன்னது. இரண்டும் சேர்ந்து ஒரு ஆள். இப்போது வந்திருப்பது வேறு ஏற்பாடு. காலையில் முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டியில் ஒரு மாப்பிள்ளை, மாலையில் ரிசப்ஷனுக்குக் கோட்டில் இன்னொரு மாப்பிள்ளை. சாமி வலம் இடமாகப் பிரிந்தார். நாம் காலை மாலையாகப் பிரிந்துகொண்டோம். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கோட்டு தேர்ந்தெடுப்பதில் இருக்கும் கஷ்டமே அதுதான்.

*

மருமகனும் நானும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். கடைக்குள் நுழைந்ததும் கேள்விகள். டூ பீஸா த்ரீ பீஸா? ஜோத்புரியா? இந்தோ வெஸ்டர்னா? மருமகன் போனில் ஒரு சினிமா நடிகர் படத்தைக் காட்டி, “டக்சிடோ மாமா” என்றான். பளபளவென்று பட்டுத் துணி வைத்த காலர். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் டக்சிடோ பார்க் என்று பணக்காரர்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. 1886 வாக்கில் அங்கே இராச்சாப்பாட்டுக்குப் போட்டு வந்த குட்டைக் கோட்டு அந்த ஊர்ப் பெயரிலேயே நின்றுவிட்டது. விளக்கு வைத்த பிறகு மட்டும் போடுவதற்கானது. ரிசப்ஷனும் விளக்கு வைத்த பிறகுதானே என்று மருமகன் நியாயம் பேசினான். நியாயம்தான். ஆனால் அந்தக் கோட்டை அவன் அன்று ஒரு நாள் போடலாம், பிறகு போட இடம் கிடையாது. நேவி ப்ளூவில் ஒரு சாதாரண டூ பீஸ் என்றால் அலுவலகக் கூட்டத்துக்கு ஆகும், நண்பன் கல்யாணத்துக்கு ஆகும், பேன்டை மட்டும் தனியாகவும் போடலாம். 

நிறத்துக்கு வந்தோம். இங்கேதான் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர் தறி ஊர். விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவில் எனக்குத் தூக்கம் வராது. காட்டன் சேலையில் அரக்கு, மாந்துளிர், மயில்கழுத்து, எலுமிச்சை என்று இருபது நிறத்தைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவேன். அப்படிப்பட்டவன் கறுப்பு, நேவி ப்ளூ, கிரே என்று மூன்றே நிறம் தொங்குகிற கம்பியின் முன்னால் வாயடைத்து நின்றேன். கடைப்பையன் ‘சூப்பர் 100’, ‘சூப்பர் 120’ என்று சொல்லிக்கொண்டு போனான். அதைக் கேட்டதும்தான் காலடியில் கொஞ்சம் தரை தட்டுப்பட்டது. கம்பளி எவ்வளவு சன்னம் என்பதைக் குறிக்கிற எண் அது. எங்கள் ஊரில் அறுபதாம் நம்பர் நூல், எண்பதாம் நம்பர் நூல் என்பதைப் போலத்தான். எண் ஏற ஏறச் சன்னம். சன்னம் ஏற ஏற மென்மை. மென்மையோடு கூடவே கசங்கலும். அடிக்கடி போடும் கோட்டுக்கு எண் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம் ஊர்களில் கல்யாணக் கோட்டு என்று விற்பதில் பெரும்பாலானது பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. ராஜஸ்தானத்து பில்வாரா அதற்குப் பேர் போன ஊர். விலை மலிவு, சுருக்கம் விழாது. காற்றும் நுழையாது. மண்டபத்து மேடையில் விளக்குகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் நிற்கப்போகிறவனுக்கு நான் பார்த்தது இரண்டு விஷயம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைக்கு இழை கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். உள்ளே லைனிங் முதுகு முழுக்க இல்லாமல் பாதி முதுகோடு நிற்க வேண்டும்.

டை எடுக்கிற இடத்தில் மருமகன் மறுபடி போனை நீட்டினான். பெண்ணின் ரிசப்ஷன் சேலைப் படம். வைன் நிற உடல், பொன்மஞ்சள் கரை. அதே வைன் நிறத்தில் டையும் கோட்டுப்பைக் கைக்குட்டையும் வேண்டுமாம். கடைப்பையனும் தலையாட்டினான். நான் வேண்டாம் என்றேன். சேலை நெய்கிற ஊர்க்காரனாகச் சொன்னேன்: கோட்டு உடல் என்றால் டை முந்தானை. உடலும் முந்தானையும் ஒரே நிறத்தில் இருந்தால் அது சேலையாகாது, துணித்தான் ஆகிவிடும். பெண்ணின் சேலை உடலில் உள்ள நிறத்தை மாப்பிள்ளை கழுத்தில் கட்டினால் இரண்டு பேரும் ஒரே தானில் வெட்டிய மாதிரி நிற்பார்கள். கரையில் இருக்கிற நிறத்தைத் தொட்டுக்கொள். நேவி ப்ளூ கோட்டு, வெள்ளைச் சட்டை, அடர்ந்த நீல டை, அதில் பொன்மஞ்சளில் சின்னச் சின்னப் புள்ளி. சட்டையைவிட டை அடர்த்தியாக இருக்கட்டும். கோட்டுக் காலரின் அகலமும் டையின் அகலமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கட்டும். ஒல்லிக் காலருக்குப் பட்டை டை பொருந்தாது. கைக்குட்டை டைக்கு உறவாக இருக்கலாம், இரட்டைப்பிள்ளையாக இருக்கக் கூடாது. 

டையை எடுத்துவிட்டோம். கோட்டு கிடைக்கவில்லை. முப்பத்தெட்டில் நெஞ்சு சரி, தோள் பிடித்தது. நாற்பதில் தோள் தொங்கியது. கடைப்பையன் இடுப்பைப் பிடித்துக் காட்டி, “ஆல்ட்ரேசன் பண்ணிக்கலாம் சார்” என்றான். மருமகன் கண்ணாடியில் பார்த்தான். எனக்கு ஸ்டுடியோ ஆணிக் கோட்டு ஞாபகம் வந்துவிட்டது. வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

*

எங்கள் ஊரில் ஒரு தையற்கடை அண்ணாச்சி. கோட்டைத் தைக்கவே கொடுத்துவிடலாம் என்று அவரிடம் போனோம். வாலிபத்தில் பம்பாய்க்குப் போய்க் கோட்டு மாஸ்டர் ஒருவரிடம் பன்னிரண்டு வருஷம் கைவேலை பார்த்தவர். ஆடி மாதம் என்பதால் கடையில் கூட்டம் இல்லை. மருமகனை நிற்கச் சொல்லி நாலு அடி தள்ளி நின்று பார்த்தார். டேப்பை எடுக்கவில்லை. 

“தம்பி வலது தோள்ல பை மாட்டுவீகளோ?”

மருமகன் திகைத்தான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லேப்டாப் பை அந்தத் தோளில்தான்.

“வலது தோளு ரெண்டு நூலு எறங்கியிருக்கு. கவலப்படாதிய, எறங்காத ஆளே கெடையாது. கம்மாக்கரைல மண்ணு சொமந்தவருக்கு ஒரு பக்கம், கம்ப்யூட்டர் சொமந்தவருக்கு ஒரு பக்கம்.” 

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். “இடுப்பப் பிடிக்கலாம். கை நீளத்தக் கொறைக்கலாம். பேன்டு அடிய மடிக்கலாம். தோள மட்டும் தொட முடியாது பாத்துக்கிடுங்க. அதத் தொட்டா கையப் பிரிக்கணும், கழுத்தப் பிரிக்கணும், பாதிக் கோட்டக் கழத்தணும். தோளு உக்காரலன்னா கோட்டு ஆளத் தின்னுரும்.”

கோட்டின் இலக்கணம் முழுவதும் அந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு முடிகிற இடத்தில் தையல் முடிய வேண்டும். தாண்டித் தொங்கினால் இரவல், உள்ளே ஒடுங்கினால் தம்பியுடையது. கையைத் தொங்கவிட்டு நின்றால் சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். கோட்டு பின்பக்கத்தை மூடுகிற நீளம் இருக்க வேண்டும். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போட வேண்டும். தொந்தி பெருத்த ஏழாம் எட்வர்டு ராஜா கீழ்ப் பட்டன் போட முடியாமல் விட்டதைப் பார்த்து ஊரே விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். மற்ற எல்லாம் பழக்கம். தோள் மட்டும் உடம்பு.

*

அண்ணாச்சி தோளில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, இந்தத் தோளுக்காக எவ்வளவு சண்டை நடந்திருக்கிறது என்று தோன்றியது. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மார்பின் மேல், தோளின் மேல் துணி போடக் கூடாது. நாடார் பெண்கள் போட்டார்கள். ஆதிக்கச் சாதியார் துணியைக் கிழித்தார்கள், பெண்கள் மறுபடியும் போட்டார்கள். பல பத்தாண்டு தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மகாராஜாவின் உத்தரவு வந்தது. எங்கள் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையும் 1956 வரை அந்தத் திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த ஊர்தான். இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும், அல்லது இடுப்பில் கட்ட வேண்டும். சுயமரியாதை இயக்கம் தோளில் துண்டு போடச் சொன்னது இந்த வழக்கத்துக்கு எதிராகத்தான். நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை கிராப்புத் தலையும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்து வாசித்ததை இன்று படத்தில் பார்த்து அலங்காரப் பிரியர் என்று நினைத்துவிடக் கூடாது. இடுப்பில் துண்டைக் கட்டி நின்றபடி வாசித்த ஒரு தொழிலுக்கே அவர் தோளை மூடிக் கொடுத்தார்.

தாய்மாமன் தாம்பாளத்தில் வேட்டி சட்டையோடு துண்டு ஏன் இருக்கிறது என்று எனக்கு அந்தக் கடையில் வைத்துத்தான் புரிந்தது. வியர்வை துடைக்க மட்டும் யாரும் துண்டைச் சபையில் வைத்துத் தருவதில்லை. 

கோட்டுக்கும் அதே கணக்கு உண்டு. 1888இல் லண்டனுக்குப் படிக்கப்போன காந்தி, கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். செப்டம்பர் கடைசி. சுற்றிலும் வேறு யாரும் அப்படி உடுத்தவில்லை. இவர் ஒருவர் மட்டும் வெள்ளை. பிறகு ஆங்கிலக் கனவானாகும் ஆசையில் பாண்ட் தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை உடுப்பு தைத்தார். 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார். டையைச் சரிசெய்யவும் வகிடு எடுக்கவும் தினமும் பத்து நிமிடம் பெரிய கண்ணாடி முன் நின்றதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்த மனிதர்தான் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் முழங்கால் துணிக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து, 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அதே துணியோடும் போர்வையோடும் உட்கார்ந்தார். அதே மாநாட்டில் கச்சிதமான கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார் அம்பேத்கர். நம் ஊர் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாக அங்கே இருந்தார். 

ஒருவருக்குக் கழற்றக் கோட்டு இருந்தது. இன்னொருவருடைய மக்களுக்கு நல்ல துணி உடுத்தவே தடை இருந்தது. கழற்றியதும் அரசியல், அணிந்ததும் அரசியல். 2016இல் வந்த ‘கபாலி’யில் இதைப் பற்றியே ஒரு வசனம் வரும், அப்போது தியேட்டரில் எழுந்த விசில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஊர் ஊருக்கு நீலக் கோட்டோடு நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பாருங்கள். பல ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். சிமென்டில் செய்யும் கைக்கு முகம் சில சமயம் பிசகிவிடுகிறது, டை கோணலாகிவிடுகிறது. தோள் பிசகிய சிலையை நான் பார்த்ததில்லை.

கோட்டு கதவைத் திறந்த கதை இது என்றால், கோட்டு கதவை மூடிய கதையும் உண்டு. 2014 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்ததால் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவனைக் கோட்டுப் போட்டவன் தடுப்பதும், துண்டு போட்டவனைப் பண்ணையார் தடுத்ததும் எனக்கு ஒரே தையலாகத்தான் தெரிகிறது.

*

இனி டை. தமிழ்நாட்டில் ஒரு ஆண்பிள்ளை முதன்முதலாக டை கட்டுவது மூன்றரை வயதில், எல்.கே.ஜி.யில். முடிச்சுப் போட்டே வரும், எலாஸ்டிக்கில் மாட்டினால் முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தினமும் டை கட்டிய பையனுக்கு இருபத்தெட்டாம் வயதில் டை கட்டத் தெரியாது. என் மருமகனுக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மொட்டைமாடியில் உட்கார்ந்து யூடியூபைப் பார்த்து இருவரும் கற்றோம். கண்ணாடிக்கு முன்னால் இடம் வலமாகிவிடும். வலது கையால் இழுக்க வேண்டியதை இடது கையால் இழுப்போம். 1999இல் கேம்பிரிட்ஜில் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் டையை 85 விதமாகக் கட்டலாம் என்று கணக்குப் போட்டுப் புத்தகமே எழுதினார்கள். எங்களுக்கு ஒன்று போதும். ஒரே சுற்றில் முடியும் சாதாரண முடிச்சு. கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வே அழகு. முடிச்சுக்குக் கீழே விரலால் அழுத்தி ஒரு குழி விழச் செய்ய வேண்டும். நுனி பெல்ட் கொக்கியைத் தொட வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மாடியேறி வந்து எங்கள் கூத்தைப் பார்த்தார். டையை வாங்கி இரண்டு பக்கமும் இழுத்தார். “இது நேரா வெட்டுன துணி இல்லையே. மூலைக்கு மூலை வெட்டியிருக்கான்” என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் குரோவாசியச் சிப்பாய்கள் கழுத்தில் சுற்றிய துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கிராவாட்’ என்று வாங்கிக்கொண்ட நாளிலிருந்து கழுத்துத் துணிக்கு ஒரு வியாதி இருந்தது: கட்டக் கட்ட முறுக்கிக்கொள்ளும். 1920களில் நியூயார்க் தையற்காரர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் துணியைக் குறுக்காக, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வெட்டி, மூன்று துண்டாக இணைத்துத் தைத்தார். பாவு நேரே இழுத்தால் கொடுக்காது. ஊடையும் கொடுக்காது. சாய்த்து இழுத்தால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். தறிக்காரர் கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பருத்தி விளைகிற, நூல் ஓடுகிற ஊரில் யாரும் டை நெய்யவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

*

ஆவணியில் கல்யாணம். காலையில் வேட்டி, சட்டை, துண்டு. தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். மாலையில் கோட்டை மாட்டிவிட்டேன். எங்கள் கோட்டு தைத்தது. ரெடிமேடு என்றால் கவனிக்க வேண்டிய ஒன்றை அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். ரெடிமேடு கோட்டின் பின்பக்கத் திறப்பைக் கம்பெனியில் பெருக்கல் குறி போல நூலால் பிடித்திருப்பார்கள். கையோரம் கம்பெனிப் பெயர் போட்ட பட்டை இருக்கும். இரண்டும் கடையிலிருந்து வீடு வரும்வரைதான். அவற்றைப் பிரிக்காமல் மேடையேறிய மாப்பிள்ளைகளை நான் குறைந்தது பத்துப் பேரையாவது பார்த்திருக்கிறேன். பட்டையைப் படத்தில் பெரிதாகத் தெரிய வைத்து நிற்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கோட்டு இரவல் இல்லை, விலை கொடுத்து வாங்கியது என்று ஊருக்குச் சொல்ல அந்தப் பட்டையைவிட்டால் அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

மேடையில் வெக்கை. எங்கள் பக்கத்து வக்கீல்களுக்குக்கூடக் கீழ்க்கோர்ட்டுகளில் கோடை மாதங்களில் கறுப்புக் கோட்டிலிருந்து விலக்கு உண்டு. மாப்பிள்ளைக்கு யார் விலக்குத் தருவது? ஒன்பது மணி வாக்கில் அவன் நெற்றியில் வேர்வை ஓடியது. பக்கத்தில் நின்ற நான் தோளைத் தொட்டு உள்ளே எதையோ தேடினேன். துண்டு இல்லை. காலையில் இருந்த இடத்தில் இப்போது பேடு வைத்த தையல். கோட்டுப்பைக் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப்போனான். “அது காட்டுறதுக்கு மாப்ள, தொடைக்கதுக்கு இல்ல” என்று என் வேட்டி மடிப்பிலிருந்த கைக்குட்டையைக் கொடுத்தேன். 

பந்தியில் அக்கா கேட்டாள். “காலைல நின்னவனும் இவனும் ஒரே ஆளு மாதிரில்லா இருக்கான். மத்த பயலுவ எல்லாம் சாயந்தரம் வேற ஆளால்ல ஆயிருதானுவ, எப்பிடில?” அக்காவுக்கு டை தெரியாது, லைனிங் தெரியாது, சூப்பர் 100 தெரியாது. அவள் மகன் நிமிர்ந்து நின்றிருந்தான். வலது தோளின் அந்த இரண்டு நூல் இறக்கத்தை அண்ணாச்சி ஒரு சின்னப் பேடு வைத்து மறைத்திருந்தார். ஆச்சி இருந்திருந்தால் தையல் தெரியவில்லை என்றிருப்பாள்.

கோட்டு இப்போது அக்கா வீட்டு பீரோவில் உறை போட்டுத் தொங்குகிறது. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் மூன்று கல்யாணம் ஆகிவிட்டது. மூன்று மாப்பிள்ளைகளும் வந்து போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தோள் உட்காரவில்லை.